அறபுக் கம்பியூட்டர்

கம்பியூட்டர் திருத்த எங்கே படித்தீர்கள் என்று இப்போதும் கேட்கிறார்கள். மனைவி வீட்டில் என்று சொல்வேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

நான் மருதமுனைக் கைத்தறி வீட்டில் பிறந்தவன். பத்து வயதில் வாப்பாவின் ரேடியோவைக் கழற்றிப் பூட்டினேன். அது பழையபடி பாடியது. பாடாமல் விட்டிருந்தால் இரண்டு அடியோடு அந்த ஆசை முடிந்திருக்கும். பாடித் தொலைத்ததால், எண்பதுகளில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி கல்முனைக்குடியில் மனைவி வீட்டோடு இருக்கப் போனபோது, தேயிலைப் பெட்டி நிறைய ரேடியோச் சாமானும் ஒரு சோல்டரிங் அயனும் என்னோடு வந்தன. மாமி அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பகலில் புடவைக் கடையில் துணி கிழித்தேன். பின்னேரங்களில் ஊராரின் ரேடியோவையும் கசற் பிளேயரையும் திருத்தினேன். கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும் ஊர்; வேலைக்குப் பஞ்சமில்லை. "துஆ செய்யிறன் தம்பி" என்று பிரார்த்தனையையே கூலியாகத் தந்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். துஆவில் உலை கொதிக்காது என்பது மாமியின் கட்சி. குவைத்தில் வேலை பார்த்த தன் மகன், என் மச்சான், வரும்போது எனக்கும் ஒரு விசா கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

எனக்குப் போக விருப்பமில்லை. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனைவி வயிற்றில் எங்கள் மூத்த பிள்ளை. அவளுக்கும் நான் போவதில் விருப்பமில்லை. உம்மாவின் முன்னால் அதைச் சொல்லத் துணியாமல், என் சோற்றில் மீன் துண்டை மட்டும் கூட்டி வைத்தாள்.

மச்சான் வந்தார். விசாவும் கொண்டு வந்தார். கூடவே, அவருடைய முதலாளியின் பிள்ளைகள் விளையாடிக் கழித்த ஒரு கம்பியூட்டரும் அதன் கசற் பெட்டியும் வந்தன. டைப்ரைட்டர் மாதிரி இருந்த அதை டிவியில் மாட்ட வேண்டும். கட்டைகள் எல்லாவற்றிலும் அறபு எழுத்து. மாமிக்கு அது குர்ஆனின் எழுத்து; நிலத்தில் வைக்க விடவில்லை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, "ஒழு எடுத்திட்டுத் தொடுங்க" என்றார். தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

அந்தக் காலத்துக் கம்பியூட்டருக்கு விளையாட்டெல்லாம் கசற் நாடாவில்தான் வரும். கசற்றைப் போட்டதும் அது கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு டிவியில் அறபில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளையும் அறபு ஓதும். விளங்குவது வேறு இலாகா. மேலே கீழே உயிர்க்குறி எதுவும் இல்லாத அந்த வரியை நான் ஒருமாதிரிக் கூட்டி, ராகத்தோடு ஓதினேன். மாமி முக்காட்டை இழுத்துவிட்டார்.

"குர்ஆன்ல எந்தச் சூறா மகன் அது?" என்று மச்சானிடம் கேட்டார். "நாலு வருஷம் அங்க இருந்தநீதானே."

"எனக்குத் தெரிஞ்ச அறபு வேற உம்மா. வா, போ, தூக்கு, சுறுக்கா, வாயப் பொத்து. அவ்வளவுதான்."

மச்சான் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு, பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்த மௌலவியைக் கூட்டி வந்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நாடாவ வாசிக்க ஏலாதாம்" என்றார். என்னைப் பார்த்து, "ஓதினது திருத்தந்தான்" என்றும் சொன்னார்.

நாடா என்றால் என் பாடு. கசற் பெட்டியில் நாடாவைத் தொடும் துண்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கும். அது அசைந்தால் பாட்டு மூக்கடைத்த மாதிரிக் கேட்கும். காதை வைத்துக்கொண்டு அந்த ஆணியைத் திருகினேன். மந்தமாக இருந்த இரைச்சல் கீச்சென்று கூர்மையானதும் நிறுத்தினேன். திரும்பப் போட்டபோது டிவியில் ஒரு கார் ஓடியது. மௌலவியும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, மரத்தில் முட்டிவிட்டுப் போனார்.

அன்று இரவு மச்சான் கடற்கரைக்குப் போயிருந்தார். விசாக் கடதாசி அலுமாரிக்கு மேல் கிடந்தது. மாமி வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மருமகன், இந்த வேலையில சோறு கிடைக்குமா?"

"கிடைக்கும் மாமி."

"ரெண்டு குடும்பத்துக்குக் காணுமா?"

போதுமா என்றுதான் கேட்டார்; ஆனால் எனக்கு விளங்கவில்லை. யாருக்கு மாமி மற்றது என்று கேட்டேன்.

"என்ட மகனுக்கும் பழக்கி உடுங்க. அவன் திரும்ப அங்க கிறுகிப் போகவேணாம். என்ட புள்ளையோட நாலு வருஷமா ஒரு மனிசனும் மனிசனாக் கதைக்கல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நீங்களும் போகவேணாம்."

கல்முனையில் எனக்குத் தெரிந்து இருந்தது அந்த ஒரே கம்பியூட்டர்தான். அதையும் பின்னேரமே திருத்தி முடித்திருந்தேன்.

"காணும் மாமி" என்றேன்.