ஜெயிலிலிருந்து வந்தவனைத் துபாய்க்காரன் ஆக்கிய கதை

வீட்டுக்குப் போகிற ஆளை வீட்டுக்கு அனுப்பி வைப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள், சர்க்கார் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் ஒரு நாள்கூட நின்றதில்லை என்று அர்த்தம். நின்றவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நாற்பது வருஷம் மனு எழுதிப் பிழைத்தவன் நான். வீடு ஸ்ரீவராகத்தில். கை நடுங்க ஆரம்பித்து, என் எழுத்தை நானே இரண்டு தடவை படிக்க வேண்டிவந்தபோது, ஜெயிலிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்கு உதவும் ஒரு சின்னச் சங்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஜெயிலுக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை. அதை நடத்துகிறவள் ஷீபா. பாறசாலைப் பக்கத்துப் பெண், முப்பது வயது, தமிழை மலையாளத்தில் தோய்த்துப் பேசுவாள். வருகிறவர்களுக்கு ஒரு சட்டை, ஒரு பை, ஊர் போய்ச் சேர பஸ் டிக்கெட், ஆபீஸ்களுக்கு மனு. மனு என் இலாகா. இதெல்லாம் போதாதென்று நானாக ஒரு சரக்கையும் சேர்த்துக் கொடுத்தேன். அது எங்கே போய் முடிந்தது என்று கேளுங்கள்.

கேட்கக் கூடாத கேள்வி

ஷீபாவின் முதல் சட்டம், வருகிற யாரையும் "என்ன கேஸ்?" என்று கேட்கக் கூடாது. நியாயமான சட்டம்தான். ஆனால் அடுத்த வீட்டில் இன்று என்ன குழம்பு என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவனை அந்த அறையில் உட்கார வைத்தது, பூனையை மீன் கூடைக்குக் காவல் வைத்த மாதிரி.

நேராகக் கேட்காமல் சுற்றிக் கேட்பேன். ஒரு நாள் பனைமரம் மாதிரி ஒருத்தர் வந்தார். "முன்னே என்ன தொழில்?" என்றேன். சொன்னார். "அந்தத் தொழிலில் போட்டி அதிகமோ?" என்றேன். சிரித்தார். "போட்டிக்காரனோடு வாய்த்தகராறு ஏதாவது வருமோ?" என்றேன். அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் தோளில் கை போட்டார்.

"சாமி, நீங்க எங்கே சுத்தி எங்கே வர்றீங்கன்னு தெரியுது. ரெண்டு வருஷம் ஜட்ஜே கேட்டார், அவருக்கே நான் சொல்லலை."

வெள்ளைச் சட்டை

பழந்துணி தானம் கொடுக்கும் புண்ணியவான்களுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. இந்த நாட்டில் நல்ல நாள் என்றால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆகவே தானமாக வருவதும் வெள்ளைதான், இஸ்திரி போட்டு அடுக்கி, பெட்டி பெட்டியாக. தண்டனைக் கைதிக்கு ஜெயிலில் கொடுக்கும் உடுப்பும் அதே வெள்ளை என்பது கொடுத்தவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. வருகிறவர்கள் பெட்டியைத் திறப்பார்கள், மூடுவார்கள், "பரவாயில்லை, போட்டிருக்கறதே போதும்" என்பார்கள். அடக்கமானவர்கள் என்று நாங்கள் மெச்சிக்கொள்வோம்.

செல்லையாதான் எங்கள் கண்ணைத் திறந்தான். போனக்காடு தேயிலை எஸ்டேட் தொழிலாளி, ஐம்பது வயது, ஏழு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். மூன்று பெட்டிகளைக் கவிழ்த்து, அடியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்தான். ஊதா நிறத்தில் ஈச்ச மரங்கள், மரத்துக்கு மரம் ஒரு கிளி. யாரோ கல்யாணத்தில் கிடைத்ததை ஒரு தடவைகூடப் போடாமல் தள்ளிவிட்ட சட்டை. போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.

"ஏழு வருஷமா செவுரும் நானும் ஒரே கலரு சாமி. இன்னிக்குத்தான் தனியாத் தெரியுறேன்."

பேப்பரில் நிற்காத ஆள்

செல்லையாவுக்கு வித்துராவில் ஒரு பேக்கரிக்காரர் வேலை தரத் தயாராக இருந்தார். முகவரிக்கு ஒரு ருசு வேண்டும் என்றார். ருசுவுக்கு ரேஷன் கார்டு வேண்டும். அவன் பெயரைக் கார்டிலிருந்து எப்போதோ வெட்டிவிட்டிருந்தார்கள். திரும்பச் சேர்க்க வேண்டுமானால், கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர், 'இந்த ஆள் என் வீட்டில் வசிக்கிறார்' என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் கார்டு வீட்டின் மூத்த பெண் பெயரில். செல்லையாவின் மனைவி மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள். ஆக, மூத்த பெண் என்பது கொழுந்து கிள்ளப் போகும் இருபத்தொரு வயது மகள் செல்வி. அவன் உள்ளேயிருந்து கடைசியாகப் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் அவளிடமிருந்து பதில் இல்லை.

மகள் கையெழுத்து இல்லாமல் முடியுமா என்று ரேஷன் ஆபீஸில் என் நாற்பது வருஷ வித்தையையெல்லாம் காட்டினேன். செல்லையாவை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, "இதோ பாருங்கள், ஆளே இருக்கிறான்" என்றுகூடச் சொன்னேன். அங்கிருந்த குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவனை, சட்டையை, கிளிகளை எல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"சாமி, ஆள் என் முன்னால நிக்கறது எனக்குத் தெரியும், பேப்பரில் நிக்கலையே."

யானையும் துபாயும்

மறுநாள் காலை செல்லையாவும் நானும் புறப்பட்டோம். "சாமி, கையெழுத்து மாத்ரம் வாங்கிட்டு வரணும். வேற ஒண்ணும் பேசண்டா, கேட்டோ" என்று ஷீபா இரண்டு தடவை சொன்னாள். பேசாமல் இருக்க நினைத்தேன். வித்துராவில் பஸ் மாறியதும் பக்கத்து சீட்டில் பாக்கியம் என்ற அம்மாள் வந்து உட்கார்ந்தாள். போனக்காட்டு லயத்தில் இருப்பவளாம். லயம் என்றால் எஸ்டேட்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். நாலு வருஷம் முன்னால்தான் அங்கே குடிவந்தவள், அதனால் செல்லையாவை அடையாளம் தெரியவில்லை. மடியில் மீன் பை, கையில் போன்.

நேரம் போக வேண்டுமே என்று, காட்டு யானை ஒன்று என்னிடம் மனு எழுதி வாங்கிப் போன கதையைச் சொன்னேன். பாதையை மறித்துப் பங்களா கட்டுகிறார்கள் என்று யானையின் புகார். கைநாட்டுக்குப் பதில் தும்பிக்கைநாட்டு வைத்தது. பாக்கியம் அசையவில்லை. "இவரு யாரு, இம்புட்டுக் கிளி போட்ட சட்டை?" என்றாள். என் விலாவில் செல்லையா முழங்கையால் இடித்தான். "சாமி, வேண்டாம்" என்று முணுமுணுத்தான். கேட்டேனா? நம் ஊரில் ஏழு வருஷம் காணாமல் போன ஆம்பிளைக்கு மரியாதையான காரணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. "துபாய். ஏழு வருஷம். இப்போதுதான் இறங்கினார். மகள் செல்வியைப் பார்க்கப் போகிறார்" என்றேன்.

யானையை நம்பாத பாக்கியம் துபாயை உடனே நம்பினாள். பஸ் மலை ஏறுவதற்குள், சிக்னல் போய்விடுமோ என்ற அவசரத்தில், போனை எடுத்துக் கத்தினாள்.

"ஏட்டி, நம்ம செல்விக்க அப்பன் துபாய்ல இருந்து வாராரு, பெட்டி பின்னால வேன்ல வருதாக்கும்."

வேன் என் சரக்கு இல்லை. அது அந்த அம்மாளே சேர்த்தது.

கதவு

நாங்கள் இறங்கியபோது லயத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். செண்ட் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். வலிக்குத் தேய்க்கிற கோடாலித் தைலம் இருக்கிறதா என்று ஒரு கிழவர் கேட்டார். விசாவுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். செல்லையாவின் கையில் எங்கள் சங்கத்துப் பை. அதில் ஒரு துண்டு, ஒரு சோப்பு, விடுதலைச் சான்றிதழ்.

நடந்தது தெரிந்த பழைய ஆட்கள் சிலர், நமக்கேன் வம்பு என்று ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாக்கியமோ கீழே இறங்கியதும் செல்வியைப் பிடித்துக்கொண்டாள். "ஜெயிலு ஜெயிலுன்னு அழுதியே. பாவம்னு எத்தனை நாள் எங்க வீட்டுக் குழம்பை ஊத்தி விட்டேன். அப்பன் துபாய்ல இருக்காருன்னு தெரிஞ்சா நாங்க என்ன புடுங்கிக்கிட்டா போயிருப்போம்?" நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அந்தப் பெண் எல்லோரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் அத்தனை வருஷமும் அங்கே தலைநிமிர்ந்து இருந்திருக்கிறாள். ஒரு பஸ் பிரயாணத்தில் அவளை நான் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

செல்வி அப்பனைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். அவன் "பாப்பா" என்றான். அப்பன் எங்கே இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் இனி அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வாசற்படியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஜெயில்ல இருந்து வந்தவர்னா உள்ள வாங்கன்னு சொல்லியிருப்பேன். துபாய்ல இருந்துகிட்டு, அம்மா செத்ததுக்குக்கூட வராதவருக்கு இந்த வீட்டுல இடமில்லை."

படித்துக் காட்டிய சான்றிதழ்

என் ஆயுசில் எத்தனையோ பேரைக் குற்றமற்றவர் என்று எழுதியிருக்கிறேன். ஒருத்தன் குற்றவாளிதான் என்று நிரூபிக்க நின்றது அன்றைக்குத்தான். பையிலிருந்து விடுதலைச் சான்றிதழை எடுத்து, கோர்ட் அமீனா மாதிரி தொண்டையைக் கனைத்து, உரக்கப் படித்தேன். பெயர், தகப்பன் பெயர், கைதி எண், தண்டனை ஏழு வருஷம், நடத்தை திருப்திகரம். கீழே கையெழுத்து, வட்ட முத்திரை. "துபாய் என்றது என் வாய்க்கொழுப்பு. இவன் ஜெயிலில்தான் இருந்தான். ஒரு நாள்கூடத் துபாயில் இல்லை" என்றேன்.

ஒருத்தரும் நம்பவில்லை. விசா கேட்டவர்கள் முகத்தில் பெட்டியைப் பங்கு போட மனசில்லாத பணக்காரனைப் பார்க்கிற பார்வை. பாக்கியம் சான்றிதழை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா எழுதறதுதான் தொழில்னு பஸ்ஸுல சொன்னீங்களே அய்யா, யானைக்கே எழுதிக் குடுத்தவரு இவருக்கு எழுதிக் குடுக்க மாட்டீங்களா?"

சாட்சி

செல்லையா படியில் உட்கார்ந்துவிட்டான். "போயிரலாம் சாமி" என்றான். எங்கே போவது? எங்கள் அறையில் இருப்பது ஒரு பெஞ்சு. கதவோ சாத்தியது சாத்தியபடி இருந்தது. எங்களை இறக்கிய பஸ் திரும்பிப் போக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது வரிசையின் கடைசி வீட்டிலிருந்து ஒருத்தர் வேகமாக வந்தார். அறுபது வயது இருக்கும். வலது கை முழங்கைக்குக் கீழே வளைந்து, நீட்ட முடியாமல் நின்றது. கூட்டம் தானாக விலகியது. ஒதுங்கி நின்ற பழைய ஆட்கள் இப்போது பக்கத்தில் வந்தார்கள். செல்லையா எழுந்து நின்றான். "மரியதாஸ்" என்றான், பாதிக் குரலில்.

"துபாயா?" என்றார் அவர். "எவன் சொன்னான் துபாய்னு?" எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. அந்த வளைந்த கையைக் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். "தேயிலைச் செடி வெட்டுற கவாத்துக் கத்தியால இதை வெட்டினவன் இவன். ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு ஏறி இறங்கி, கூண்டுல நின்னு சாட்சி சொல்லி, இவனை உள்ளே அனுப்பினவன் நான். இப்ப நீங்க துபாய்ல சுகமா இருந்தான்னு சொன்னா, நான் பட்ட பாடு எங்கே போச்சு? ஏழு வருஷமும் இவன் ஜெயில்ல இருந்தான். அதுல ஒரு நாளைக் குறைச்சுச் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

செல்லையா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா. நான்தான் வெட்டினேன். ஜெயில்லதான் இருந்தேன்" என்றான். மரியதாஸ் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார், "சட்டையை மாத்து" என்றார், வந்த வழியே போய்விட்டார்.

கேஸ் என்ன என்று நான் கேட்கவே இல்லை, அதுவாகத் தெரிந்துவிட்டது. நான் மனுவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கதவு திறந்தது. செல்வி பேனாவோடு வந்தாள். மனுவை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். அப்பன் பெயருக்கு நேரே விரலை வைத்து, இன்னொரு தடவை படித்தாள். பிறகு அதைச் சுவரில் அழுத்தி வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "உள்ள வாங்கப்பா, கஞ்சி இருக்கு" என்றாள். அவன் குனிந்து உள்ளே போன பிறகு, மனுவை நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"அய்யா, கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே எங்க வீட்டைப் பத்தி யாரு என்ன கேட்டாலும், தயவுசெஞ்சு நீங்க மட்டும் பதில் சொல்லாதீங்க."

நாற்பது வருஷம் பிறத்தியாருக்காக மனு எழுதிய எனக்கே ஒருத்தி கொடுத்த அந்த ஒரே மனுவை, உங்களிடம் சொன்ன இந்த ஒரு தடவை நீங்கலாக, அட்சரம் பிசகாமல் நிறைவேற்றி வருகிறேன்.