வெளியே நீட்டும் ஊசி

தொண்ணூறுகளில் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு துப்பாக்கிக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். கொள்ளேகால் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, பல நாள் மழிக்காத முகம். அதிகம் விற்கும் இரண்டு பிஸ்டல்களையும், லேசானது ஒன்று, கனமானது ஒன்று, கேட்டு வாங்கிப் பார்த்தார். காலிதான் என்று நான் காட்டிய பிறகும், கையில் எடுக்கும்போதெல்லாம் மேல்பகுதியை இழுத்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே? பெருசா வித்தியாசம் இல்லீங்களே?”

“அப்படிச் சொல்லாதீங்க சார். தோட்டா அடைக்கிற மேகசினைக் கழட்டினாலும் உள்ள ஒரு தோட்டா நின்னுடலாம். அந்த லேசான பிஸ்டல்ல அது தெரியாது. இதுல, தோட்டா இருந்தா பின்னால இந்த ஊசி வெளிய நீட்டிக்கும். சின்னப் பையன்கூட கண்டுபிடிச்சிடுவான்” என்றேன் உற்சாகமாக.

அவர் அந்த ஊசி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

“மேகசினைக் கழட்டிட்டா காலின்னு எம் பையனுக்கு நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். கழட்டிட்டுத்தானுங்க தலையில வெச்சு வெளையாடியிருக்கான்.”

அவர் பார்வை லேசான பிஸ்டலுக்குப் போனது.

“வாங்குன அன்னைக்கும் இதே ரெண்டுதானுங்க காட்டுனாங்க. லேசா இருக்குதுன்னு அதைய எடுத்துட்டுப் போனேன்.”

இரண்டையும் என் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டுப் படியிறங்கினார். அவர் வாங்க வரவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கவே, அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார்.