நீர்நாய் பார்க்கப் போன மைக்

பேருந்து நிலையத்தில் அவருக்கு 'மைக்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவர் வேலை. சாயங்காலம் கூண்டைப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வாயைப் பூட்ட மட்டும் மறந்துவிடுவார்.

குக்கர் விசில் அடித்தால், "மூணாவது விசில் வந்துடுச்சு" என்பார். தூறல் போட்டால் அதற்கொரு அறிவிப்பு. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் அதற்கும். அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். அளவு கொடுக்க வரும் பெண்கள், "உள்ள ரேடியோ ஓடுதாக்கா?" என்று கேட்பார்கள்.

"ஆமா. நிறுத்துற பட்டன்தான் எங்க இருக்குன்னு தெரியல."

தன் குரலின் மதிப்பு என்னவென்று மைக்குக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் ஒலிபெருக்கிக்குப் போகிற ஒயர் அறுந்துபோனது. அது தெரியாமல் காலை முழுக்கக் கனிவாக அறிவித்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டியும் தாமதமாகவில்லை. ஒருவரும் ஊர் மாறி ஏறவில்லை. பழக்கடைக்காரர் மட்டும் கூண்டை எட்டிப் பார்த்து, "என்னண்ணே, லீவா இன்னிக்கு? காது நிம்மதியா இருக்கேன்னு பார்த்தேன்" என்றார். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன் இந்தக் கதையைத் தானே சொல்லிவிடுவது மைக்கின் வழக்கம்.

இப்படிப்பட்டவர்தான் மனைவியோடு நீர்நாய் பார்க்கப் போனார்.

நீர்நாய் மனைவியின் ஆசை. தையல் மிஷினுக்கு மேலே ஒரு பழைய காலண்டர் தாள் தொங்கியது. தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, மீனை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கும் நீர்நாய். வருடம் முடிந்து தேதிகளைக் கிழித்துப் போட்டவர், படத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நூல் அறுந்தால் நிமிர்ந்து அதைத்தான் பார்ப்பார். கல்யாணமாகி மகளுக்கும் கல்யாணம் ஆன பிறகு, இருவர் மட்டும் போகிற முதல் பயணம் இது. மகள்தான் அறை பிடித்துக் கொடுத்தாள்.

காட்டுக்குள் ஒற்றைத் தெருவாக இருந்தது அந்த ஊர். தகரக் கூரைகள், சுவரெல்லாம் பாசி, சாக்கடை ஓரத்தில்கூடப் பெரணிச் செடி. துவைத்துப் போட்ட துணி முன்பைவிட ஈரமாகியது. விடுதிக்காரம்மா ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும், அட்டை கடித்தால் வைக்க ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தார். ஆற்றோரத்தில் மரப்பலகை மேடை ஒன்று உண்டு. விடியற்காலையில் படகுக்காரர் அங்கே கூட்டிப்போவார். "சத்தம் போட்டா வராதுங்க. அவ்வளவுதான் விஷயம்" என்றார் அவர். சொல்லும்போது மனைவி கணவரைத்தான் பார்த்தார்.

சாயங்காலம் அறையில் நிபந்தனை வந்தது.

"நாளைக்கு அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினீங்க, அடுத்த வருஷம் தங்கச்சியக் கூட்டிட்டு வந்துடுவேன். நீங்க வீட்ல குக்கரோட பேசிட்டு இருங்க."

"இருமலாமா?"

"கூடாது. இருமிட்டு, 'இருமிட்டேன்'னு வேற சொல்லுவீங்க."

மறுநாள் மைக் தன் வாழ்நாள் சாதனையைச் செய்தார். பனி விலகியதை அறிவிக்கவில்லை. பூட்ஸில் அட்டை ஏறியதை அறிவிக்கவில்லை. மனைவி ஆற்றின் மேல்பக்கமாகக் கண்ணை நட்டுக்கொண்டிருந்தபோது, கீழ்ப்பக்கத்தில், மேடைக்கு நேர் அடியில், வழவழவென்று ஒரு தலை எழுந்தது. நீர்நாய்! கையில் மீன்!

நெஞ்சிலிருந்து கிளம்பிய 'பயணிகளின்' தொண்டைவரை வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவியைத் தொடலாமா? தொட்டால் 'என்ன?' என்பாள். பதில் சொல்ல வேண்டும். பதில் என்றால் வார்த்தை. வேண்டாம். நீர்நாய் சாவகாசமாக மீனைத் தின்று முடித்தது. வாயைப் பொத்திக்கொண்டிருந்த மனிதரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முங்கிப்போனது.

திரும்பும்போது படகில் வெற்றிச் செய்தி வெளிவந்தது. "நீர்நாய் வந்துச்சு! நான் பேசவே இல்லையே!"

மனைவி மெதுவாகத் திரும்பினார். "எப்ப?"

"நீ அந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தப்ப."

"நீங்க பார்த்தீங்களா?"

"முழுசா! மீனத் தின்னு முடிக்கிற வரைக்கும்!"

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "அண்ணே, கைன்னு ஒண்ணு இருக்குல்ல? தட்டிக் கூப்பிட்டிருக்கலாமே?"

"ரெண்டும் வாய் மேல இருந்துச்சு" என்றார் மைக். சொல்லி முடிக்கும்போதுதான் அந்தப் பதிலின் அழகு அவருக்கே புரிந்தது.

மனைவி சிரிக்கவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. மத்தியானம்வரை தகரக் கூரையில் மழை மட்டும் பேசியது. வாழ்க்கை முழுக்கத் தான் பேசி அவளைப் படுத்தியது போதாதென்று, பேசாமலும் படுத்த முடிந்திருக்கிறதே என்று மைக் தன் திறமையை வியந்துகொண்டார். மிச்சமிருந்தது ஒரே ஒரு காலை.

மழை விட்டதும் மனைவி கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். தையல்காரர் நூலில்லாமல் வெளியூர் போவதில்லை.

"ஒரு முனை உங்க விரல்ல. ஒரு முனை என் விரல்ல. நான் மேல்பக்கம் பார்க்கிறேன், நீங்க கீழ்ப்பக்கம் பாருங்க. வந்தா ஒரு இழுப்பு. நீர்நாய்க்கு மட்டும்!"

"நீர்நாய்க்கு மட்டும்" என்று மைக் சத்தியம் செய்தார்.

காலையில் முதல் இழுப்பு மீன்கொத்திக்கு. அடுத்தது துள்ளிய மீனுக்கு. மீன் இருந்தால் நீர்நாய் வருமல்லவா? பிறகு ஒரு குரங்குக்கு. பிறகு, நீர்நாய் மாதிரியே மிதந்து வந்த மரக்கட்டைக்கு. ஒவ்வொரு முறையும் மனைவி திரும்பிப் பார்த்து முறைத்தார். மைக் கையெடுத்துக் கும்பிட்டார். வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருடமாகப் பேசியது வாயல்ல, இந்த விரலுக்குள் உட்கார்ந்திருக்கிற வேறு ஏதோ ஒன்று என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தையும் ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லிவிட்டார்.

அதன்பின் முறைப்பு நின்றுபோனது. பொறுத்துப் போகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பச்சைப் புறாவுக்கும் அசைந்த நாணலுக்கும் தைரியமாக இழுத்தார். நூல் வெகு லேசாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், மொத்த நூலும் மடியில் கிடந்தது. மறுமுனை பல்லால் சுத்தமாகக் கடித்து அறுக்கப்பட்டிருந்தது.

மனைவி மேடையின் அந்தக் கோடிக்கு நகர்ந்துபோயிருந்தார். காலைத் தொங்கப் போட்டு, முதுகைக் காட்டி, சிலையாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் பாறையோரத்தில் தண்ணீர் சுழித்தது. தலைகள். ஒன்றல்ல, ஒரு குடும்பமே.

மைக்கின் வாய் திறந்தது. அறுந்த ஒயரும் பழக்கடைக்காரரும் நினைவுக்கு வந்தார்கள். வாய் மூடிக்கொண்டது. கிட்டே போகவும் இல்லை, பலகை முனகும். உட்கார்ந்த இடத்திலிருந்து, மனைவியின் தோள்கள் சிரிப்பில் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை.

படகில்தான் கேட்டார். "எப்ப அறுத்த?"

"மரக்கட்டைக்கு இழுத்தீங்களே, அப்பவே."

"அதுக்கப்புறம் நான் எவ்வளவு சொன்னேன் தெரியுமா!"

"தெரியாது. அதான் நிம்மதியா பார்த்தேன்" என்றவர், பேச ஆரம்பித்தார். குட்டிக்குப் பாறை ஏறத் தெரியவில்லையாம். வழுக்கி வழுக்கி விழுந்ததாம். அம்மா பிடரியைக் கவ்வித் தூக்கிப் போட்டதாம். போட்டதும் அது மறுபடி வேண்டுமென்றே விழுந்ததாம். கரை வந்தும் அவர் நிறுத்தவில்லை. அறையில் பெட்டி கட்டும்போதும் நிறுத்தவில்லை. மைக் "ம்" கொட்டினார். வேறெதற்கும் இடம் கிடைக்கவில்லை.

அந்தக் காட்டு ஊரின் பேருந்து நிறுத்தத்தில் ஒலிபெருக்கி கிடையாது. தெருமுனையில் பேருந்து திரும்பியதை மைக் முதலில் பார்த்தார். பார்த்தும் கப்சிப்பென்று இருந்தார். குட்டியின் கதை பாதியில் இருந்தது. வண்டி வந்து நின்று, கிளம்ப உறுமியது.

"ஐயோ, வண்டி!" என்று மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மைக் பின்னால் ஓடினார். ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் மனைவி கேட்டார்: "பார்த்துட்டுதானே இருந்தீங்க? சொல்றதுக்கு என்ன?"

"நீதான் பேசிட்டு..."

"எதச் சொல்லணும், எத விடணும்னு உங்களுக்கு வரவே வராது. அடுத்த வருஷம் ரெண்டு நூல்கண்டா எடுத்துட்டு வரேன்."

அடுத்த வருஷம் என்றாள். தங்கச்சி பேச்சே இல்லை. இதைப் பேருந்து முழுவதற்கும் அறிவிக்க வேண்டும்போல் இருந்தது. மைக் அடக்கிக்கொண்டார். முன்சீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னார்.