அப்பாவோட குழியும் ஒரு நாடகக்காரரோட சாபமும்

இன்னைக்கு மத்தியானம் பீர்மேட்டுல, எங்க கல்லறைத் தோட்டத்துல, மழையில நின்னுட்டிருந்தேன்.

எங்க சர்ச்சுக்கு இடம் பத்தாது. யாராவது தவறினா, இருக்கிறதுலயே பழைய குழியைத் திறந்து, எலும்பை அஸ்திக்குழியில சேர்த்துட்டு, அங்கேயே அடக்கம் பண்ணுவோம். இந்தத் தடவை எங்க அப்பா குழி.

தவறினது ஸ்டெல்லாவோட அம்மா. ஸ்டெல்லா என்கிட்ட பிளஸ் டூ இங்கிலீஷ் படிச்சவ.

குழி வெட்டுறவர் மம்பட்டியை ஓங்கவும் ஸ்டெல்லா குறுக்க வந்து நின்னுட்டா.

"திறக்காதீங்க! தன் எலும்பை அசைக்கிறவனுக்குச் சாபம்னு அந்த இங்கிலீஷ் நாடகக்காரர் கல்லறையில எழுதியிருக்குன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? அந்தப் பாவம் எங்க அம்மாவுக்கு வேண்டாம்."

சர்ச் கமிட்டிக்காரர் என்னை முறைச்சார். "என்ன பாடம் எடுத்தீங்க டீச்சர்? பெட்டி நனையுது."

வருஷம் பூரா நடத்தின நாடகம் அவ மண்டையில நிக்கல. சாபம் மட்டும் நின்னிருக்கு.

நெசமாச் சொன்னா, எனக்குமே திறக்க மனசில்ல.

"ஸ்டெல்லா, எஸ்டேட் லயத்துல எங்க குடும்பத்துக்கே ஒத்த ரூம்தான். யாரு வந்து கதவைத் தட்டினாலும் அப்பா நகர்ந்து படுத்து இடம் விடுவாரு. உங்க அம்மாவுக்கு விட மாட்டாரா?"

அவ மெதுவா ஒதுங்கினா. மம்பட்டி இறங்குச்சு.

அந்த நாடகக்காரரும் லயத்துல ஒரு ராத்திரி படுத்திருந்தா அப்படி எழுதச் சொல்லியிருக்க மாட்டாரு. உங்க கல்லறையில நீங்க என்ன எழுதச் சொல்லுவீங்க?