சுண்ணாம்புக் கோட்டில் ஒரு தறி

எங்களுக்கு வீடு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தால்தான். எனக்குச் சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் முதலில் வயிறுதான் சொல்லும். அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நின்றேன். கேட்ட சேதி நிஜமா என்று என் வீட்டுக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"பேஜார் பண்ணாதமே. வரும்னு சொன்னா வரும்" என்றார் அவர், நெய்துகொண்டே.

அப்போது நாங்கள் ஆரணியில் ஒரே அறை உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். அறை என்று சொன்னாலும் அது தறிக்குத்தான் சொந்தம். எங்கள் தறி குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் மிதிகட்டைகளை மிதித்துப் பட்டு நெய்ய வேண்டும். நெய்கிறவருக்கு எதிரே பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், சுவர்வரை போகும். மிச்சம் இருக்கும் மூலையில் அடுப்பு. இன்னொரு மூலையில் நாங்கள். நடுவில் தவழ ஆரம்பித்துவிட்ட என் பெண்.

அந்தக் குழியைப் பார்க்காமல் என்னால் ஒரு வெங்காயம்கூட நறுக்க முடியாது. குழந்தை எங்கே போனாலும் கடைசியில் அப்பாவிடம்தான் போகும். அப்பா இருப்பது குழியில். ஒருநாள் விளிம்புக்கே போய்த் தலையை நீட்டிவிட்டது. அவர் கையிலிருந்த நாடாவை, அதாவது குறுக்கு நூலை ஓட்டும் கட்டையை, போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துத் தள்ளினார். அதற்குப் பிறகு பழைய புடவைத் துணியால் அதன் இடுப்பில் ஒரு கட்டுக் கட்டி, மறுமுனையைத் தூணில் முடிந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் பெற்ற பிள்ளையைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டிவைக்கிறாள் என்று எனக்கே தோன்றும். அவிழ்ப்பேன். குழியைப் பார்ப்பேன். மறுபடியும் கட்டுவேன்.

அதனால் எனக்கு வீடு என்றால் ஒன்றே ஒன்றுதான். தறி ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம்.

வீடு கட்டித் தர வந்தவர்கள் ஒரு டிரஸ்ட்டைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன் கலசப்பாக்கம் பக்கத்தில் கூலி வேலை செய்கிற குடும்பங்களுக்கு ஓட்டு வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இனாமாக இல்லை. செங்கல், சிமெண்டு, ஓடு எல்லாம் அவர்கள் தருவார்கள். சித்தாள் வேலை, மண் வேலை எல்லாம் நாங்களே செய்ய வேண்டும். குடிபோன பிறகு மாதாமாதம் வாடகையைவிடக் குறைவாக ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகை இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பத்தின் சுவராகும். இதை டிரஸ்ட்டின் பெரிய அம்மா முதல் கூட்டத்தில் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. தன்னை மேடம் என்று கூப்பிடச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். கண்ணாடி போட்டிருப்பார். கைத்தறிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு மண்ணில் நிற்பார்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. நெசவுக் குடும்பங்கள் நாங்கள் எட்டுப் பேர்; எட்டுக் குடும்பமும் சேர்ந்து எட்டு வீட்டையும் கட்ட வேண்டும். யாருக்கு எந்த வீடு என்பது கட்டி முடித்த பிறகு சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். அதனால் யாரும் யார் வீட்டுச் சுவரையும் ஏனோதானோ என்று கட்ட முடியாது.

அந்தக் கூட்டத்தின் முடிவில் மேடம் கேட்டார். "வீட்டுல உங்களுக்கு என்னென்ன வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆண்களில் ஒருவர் எழுந்து, "நீங்க இன்னா செஞ்சாலும் சரிங்க" என்று கும்பிட்டார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

காலி மனைகளில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்ட அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. இது சமையலறை, இது அறை, இது முன்வராந்தா என்று இளம் இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் காட்டினார். நடுவில் வாசல். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இல்லாத வாசல் வழியாக நுழைந்து, இல்லாத சமையலறையில் நின்று பார்த்தேன். அடுப்பு இங்கே, குடம் இங்கே. இரண்டே நாளில் அஸ்திவாரப் பள்ளம் முக்கால்வாசி வெட்டியாகிவிட்டது. கையெல்லாம் கொப்புளம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை, மண்கூடையை இறக்கிவைத்துவிட்டு, எங்களில் ஒருவரான தேசூர்க்கார அக்கா கோட்டுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். தேசூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வாயும் கையும் ஒரே வேகம்.

"ஏண்டி, தறி எங்கடி?" என்றார்.

எல்லோரும் வேலையை நிறுத்தினோம்.

"தறி இந்த ரூம்புலதான்" என்றாள் ஒருத்தி.

"போட்டுக் காட்டு."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தறி வேண்டும் என்று நாங்கள் யாரும் சொல்லவே இல்லை. வீடு என்றால் அதில் தறி இருக்கும், அதைப் போய் யாராவது தனியாகக் கேட்பார்களா? வீட்டுக்குக் கூரை வேண்டும் என்று கேட்பது போல அது. டிரஸ்ட்டுக்காரர்கள் இதுவரை கட்டியதோ வேலைக்கு வெளியே போய்வருகிறவர்களுக்கு. அவர்கள் வீட்டுக்குள் பானையும் பாயும் இருந்தால் போதும்.

நான் அவசரமாக இரண்டு பழைய புடவைகளை முடிந்து நீட்டினேன். அதுதான் பாவு. தேசூர்க்கார அக்கா அஸ்திவாரப் பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதுதான் குழி. புடவையின் மறுமுனையை ஒருத்தி எதிர்ச் சுவர்க் கோட்டில் பிடித்தாள். எங்கள் பாவு வாசலுக்கும் சமையலறைக்கும் குறுக்கே சரியாக நின்றது. வாசலில் நுழைகிறவர் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தாண்டியாக வேண்டும். எங்களில் யாரும் பாவைத் தாண்ட மாட்டோம். தெரியாமல் குழந்தை தாண்டினால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வோம்.

"அப்ப குனிஞ்சி போ" என்றாள் பிடித்துக்கொண்டிருந்தவள்.

"தண்ணிக் குடத்தோடவா? நீ போய்க் காட்டு, நான் பார்க்கறேன்."

"குழிய அந்தப் பக்கம் தள்ளுக்கா."

"அந்தப் பக்கம் தள்னா அடுப்புல உக்காந்து நெய்யணும். பட்டு வேகும், நானும் வேகுவேன்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினேன். அக்கா கால் தொங்கவிட்டிருந்த இடத்துக்கும் என் அடுப்புக்கும் நடுவில் கதவு இல்லாத ஒரு திறப்புதான். மறுபடியும் ஒரே அறை மாதிரிதான். மறுபடியும் தூணில் துணி.

இதை மேடத்திடம் சொல்ல வேண்டும் என்றார்கள். யார் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் நான்தானாம். பள்ளம் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "வாயத் தொறக்காதம்மா. இது சரியில்லன்னா வேற ஊருக்குப் பூடுவாங்க. எட்டு வீடும் பூடும்" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தானே? இருக்கிற கோட்டுக்குள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாமே? என் ஒரு குழந்தைக்காக எட்டுக் குடும்பத்தின் வாயில் மண்ணைப் போடலாமா? ஆனால் மற்ற வீடுகளிலும் குழந்தைகள் இருக்கின்றனவே. சொல்லலாம் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம், வேண்டாம் என்று தோன்றியது.

நான் முடிவு செய்வதற்குள் டிரஸ்ட் ஜீப் வந்துவிட்டது. மத்தியானம் வர வேண்டியவர்கள் காலையிலேயே வந்து நின்றார்கள். நான் புடவையைச் சுருட்டப் போனேன். தேசூர்க்கார அக்கா விடவில்லை. பள்ளத்தில் உட்கார்ந்தபடியே இல்லாத நாடாவை இப்படியும் அப்படியும் எறிந்துகொண்டிருந்தார்.

இன்ஜினியர் வேகமாக வந்து வாசல் கோட்டில் காலை வைத்தார்.

"சார்! சார்! பாவ மிதிக்காதீங்க!" என்று அக்கா போட்ட கூச்சலில் அவர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? விளையாட்டா?" என்று மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

 குழந்தை என் காதைப் பிடித்து இழுத்தது. நான் சொன்னேன். "மேடம், நீங்க சமையல்கட்டுக்குப் போய்ட்டு வாங்க. பாவத் தாண்டாம."

சொன்ன பிறகுதான் இது அதிகப்பிரசங்கித்தனமோ என்று தோன்றியது. மேடம் ஒரு நிமிஷம் புடவையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பாவுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"தினமும் இப்படியா வருவீங்க?"

"எங்களுக்கு இடுப்பு பழகிப் போச்சுங்க. விருந்தாளிக்குத்தான் கஷ்டம்" என்றார் அக்கா.

மேடம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தறியின் நீளம், குழி, வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் ஜன்னல், தவழும் குழந்தை.

"கூட்டத்துல மேடம் கேட்டாங்களே, ஏம்மா சொல்லல?" என்றார் இன்ஜினியர். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "தறிக்குப் பொதுவா ஒரு ஷெட்டு எங்கேயாவது வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நெய்றவன் வூட்ல தறி இல்லாம ஆடா சார் கட்டுவாங்க?" என்றார் அக்கா.

இன்ஜினியர் மண்ணில் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் கோடு போட்டார், அழித்தார். அறையைப் பெரிதாக்கினால் செங்கல் போதாது. ஏழு வீடுதான் வரும் என்றார். அந்த ஏழு என்ற வார்த்தையில் எங்கள் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். யாருடைய வீடு அந்த எட்டாவது வீடு? நான் ஏன் வாயைத் திறந்தேன்?

"இந்த முன்வராந்தா எதுக்குங்க சார்?" என்று மெல்லக் கேட்டேன்.

"சாயங்காலம் உட்கார்ந்து பேச."

"சாயங்காலம் யாருங்க உக்காரப் போறாங்க? எல்லாரும் தறியில இருப்பாங்க" என்றாள் புடவையைப் பிடித்திருந்தவள். கை வலித்தும் அவள் அதை விடவில்லை.

இன்ஜினியர் குச்சியை நிறுத்தினார். பிறகு விறுவிறுவென்று வரைந்தார். வராந்தாவை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். நடுச்சுவர் போய்விட்டது. வாசல் மூலைக்கு நகர்ந்தது. ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் தறி, அதில் சிமெண்டுத் தரை கிடையாது, குழியை அவரவர் வெட்டிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் வழி, அடுப்பு, பாய். செங்கல் கணக்கு அப்படியே நின்றது. எட்டு வீடும் நின்றது.

"நடுவுல ஒரு கட்டைச் சுவர், சார்" என்றேன். "முழங்காலுக்கு மேல. குழந்தை தாண்டாத உயரத்துக்கு." மறுபடியும் அதிகம் கேட்கிறேனோ என்று, "ஒடஞ்ச செங்கல் போதும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"வெட்டின பள்ளத்துல பாதியை மூடணும். புதுசா வெட்டணும். யார் செய்வாங்க?" என்று மேடம் கேட்டார்.

பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை. வாயைத் திறக்காதே என்ற பெரியவர்தான் முதலில் கடப்பாரையைத் தூக்கினார். "ஜல்தியா சுண்ணாம்பு போடுங்க சார்" என்றார். தறியில் இருந்த ஆண்களுக்கு ஆள் போனது. என் வீட்டுக்காரர் விரலில் பட்டு நூல் ஒட்டிக்கொண்டிருக்க ஓடிவந்தார். "இன்னாமே பண்ணிட்ட?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எட்டுக் குடும்பமும் மண்ணைத் தள்ளிய வேகத்தில் இன்ஜினியர் கோடு போட்டு முடிக்கவில்லை, பின்னாலேயே பள்ளம் வந்துகொண்டிருந்தது.

சீட்டுக் குலுக்கலில் எங்களுக்கு ஓரத்து வீடு வந்தது. தேசூர்க்கார அக்கா பக்கத்து வீடு. தறி ஏற்றிய அன்று என் வீட்டுக்காரர் புதுக் குழியில் காலைத் தொங்கவிட்டு முதல் நாடாவை எறிந்தார். இந்தப் பக்கம் நான் குழந்தையின் இடுப்புத் துணியை அவிழ்த்துவிட்டேன். அது நேராகக் கட்டைச் சுவருக்குப் போய், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அப்பாவைப் பார்த்துக் கத்தியது. அவரும் பதிலுக்குக் கத்தினார்.

நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். ஒன்றை நறுக்கினேன். சுவர் போதுமான உயரம்தானா என்று எழுந்துபோய் என் முழங்காலை வைத்துப் பார்த்தேன். போதும். வந்து உட்கார்ந்தேன். இன்னும் ஒரு வரிசை வைக்கச் சொல்லியிருக்கலாமோ என்று மறுபடியும் எழுந்தேன்.