கிரைண்டர் மோட்டாரும் மூன்று ராஜாக்களும்

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மத்தியானம், திண்டிவனத்தில் மூன்று ராஜாக்கள் பறந்து போய்ச் சுவரில் மோதினார்கள். ஒருவருக்குத் தலை போயிற்று. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

என் தங்கை பிலோமினா வீட்டில் நடந்தது இது. அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். குடும்பம் ஓடுவது அதில்தான். அவள் வீட்டுக்காரர் அருளப்பன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடை திறந்திருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்த வருஷம் தெருவே அசரும்படி குடில் வைக்க அவருக்கு ஆசை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தோடு அவரைச் சுற்றிவர வேண்டுமாம். சைக்கிள் ரிம்மைப் படுக்கவைத்து, மேலே பலகை அடித்து, பொம்மைகளை நிறுத்தியாயிற்று. சுற்ற மோட்டார்? தங்கை மார்க்கெட் போன நேரம் பார்த்து, கிரைண்டர் மோட்டாரைக் கழற்றிவிட்டார். அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. சாயந்திரம் தெரு முழுக்கத் தூக்குவாளியோடு வந்து நிற்கும்.

நான் விழுப்புரத்திலிருந்து வந்து உள்ளே நுழையவும், அவர் சுவிட்சைப் போடவும் சரியாக இருந்தது. ராஜாக்கள் பறந்தார்கள்.

"ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தி மச்சான்" என்றார், தலையைத் தேடிக்கொண்டே.

"நடுவுல ஒரு பெரிய புல்லி போடுங்க மாப்ளே. மோட்டார் அது வேகத்துல ஓடட்டும், பலகை மெதுவா சுத்தும். சைக்கிள் கடைக்காரருக்கு இதை நான் சொல்லணுமா?"

"புல்லிக்கு எவன் அலையறது? ஃபேன் ரெகுலேட்டர் இருக்குதே!"

வேண்டாம் என்றேன். கத்தினேன். கிரைண்டர் மோட்டாருக்குள் இரண்டு காயில். ஒன்று, கிளப்பிவிட மட்டும். வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். வேகமே பிடிக்காவிட்டால்? துண்டிக்காது. எரிகிற வரைக்கும் அதில் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ஃபேனில் இந்த வம்பு கிடையாது.

"ஃபேன் கேக்குது, இது கேக்காதா? சும்மா பேஜாரு பண்ணாத மச்சான்."

ராஜாக்களை மறுபடி பலகையில் நிறுத்தி, ரெகுலேட்டரை மாட்டினார். ராஜாக்கள் மெதுவாக, அழகாக நடந்தார்கள். மோட்டார் உம்மென்று முனகியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வாசலில் கூட்டம் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில், மோட்டாரை மறைக்கப் பரப்பியிருந்த வைக்கோலுக்கு அடியிலிருந்து புகை.

"பாருடி, சாம்பிராணிகூடத் தானா வருது!" என்று ஒரு அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பிலோமினா பையோடு வந்தாள். கிரைண்டர் இருந்த மூலையைப் பார்த்தாள். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். காயில் கருகிவிட்டிருந்தது.

"யோவ், வாளி தூக்கிக்கினு வர்றவங்களுக்கு உன் ராஜாவையா அரைச்சுக் குடுப்பேன்?"

காயில் கட்டுகிற கடைக்காரர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார். ஊறின உளுந்து அவருக்காகக் காத்திருக்குமா?

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஓடுகிற எதையும் கழுத்தைப் பிடித்து அமுக்கினால் சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறோம். ஆபீசில், பள்ளிக்கூடத்தில் — எங்கேயும் இந்த ரெகுலேட்டர் வேலைதான். புகை வந்தால் கும்பிடவும் ஆள் இருக்கிறது.

பின்கட்டு ஆட்டுக்கல்லில் அருளப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பிலோமினா எதிரில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டாள். உளுந்து பாதி ஆவதற்குள் அவர் கை தளர்ந்தது.

"கொஞ்சம் மெதுவா ஆட்டட்டுமா பிலோமி?"

"ஜல்தி ஆட்டுய்யா. அரிசி இன்னும் அப்படியே கெடக்குது."

சாயந்திரம் எல்லோரும் வந்தார்கள். ராஜாக்கள் ஏன் சுற்றவில்லை என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. மாவு ஏன் லேட் என்று எல்லோரும் கேட்டார்கள்.