புவனாவுக்குப் பின்னால் நீலத் தொப்பி

இன்று ஆந்திராவின் ஸ்ரீ சிட்டியில், செல்போன் செய்யும் எங்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பஸ் வந்தது. எல்லோரும் எலெக்ட்ரிகல் எலெக்ட்ரானிக்ஸ், இரண்டாம் வருடம்.

அதில் புவனாவும் இருந்தாள். நகரி ஸ்கூலில் பத்தாவது வரை எனக்குப் பக்கத்து இடம். திருப்பதியில் ஒரே காலேஜில் இதே படிப்பில் சேர்வதாக இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். என்னை வீட்டில் பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் லைனில் எல்லோருக்கும் நீலத் தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். புவனாவுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

நேராக என் மேஜைக்கே வந்தாள்.

"இன்னாத்துக்கு அக்கா கையில ஒயர் கட்டிக்கினு இருக்கீங்க?"

அக்காவாம். அவள்தான் என்னைவிட மூத்தவள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களோடு வந்த காலேஜ் சார் பதில் சொன்னார். நம் உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுக்காமல் தரைக்குப் போவதற்காம். அதோடு விட்டிருக்கலாம். "ஒழுங்கா படிக்கலன்னா நீங்களும் இங்கதான் வந்து உக்காரணும்" என்று தெலுங்கில் சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். புவனாவும் சிரித்தாள்.

போகும்போது அனுமதி வாங்கி, லைன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து பஸ் ஏறியதும் பார்த்தேன், புவனா அதை இன்ஸ்டாவில் போட்டிருக்கிறாள். "என் கனவுப் படிப்பு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு இதயம் வேறு.

அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் நீலத் தொப்பி நான்தான்.

லைக் போட்டுவிட்டேன். என்னையும் டேக் பண்ணச் சொல்லிக் கேட்கட்டுமா?